மோட்டார்ஹோம்: உள்ளமைப்பும் நீர்க்கசிவும் ஒரே கேள்விதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கிவரும் இந்த நேரத்தில், எனக்குத் தெரிந்த நான்கைந்து குடும்பங்களாவது நியூசிலாந்துக்கோ மேற்கு ஆஸ்திரேலியாவுக்கோ போய் மோட்டார்ஹோம் (கட்டில், அடுப்பு, கழிவறையோடு ஓடும் வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்துச் சுற்றிவரத் திட்டமிட்டுக்கொண்டிருக்கின்றன. அங்கேயும் நம் சிங்கப்பூரைப்போலச் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள்; நம் ஓட்டுநர் உரிமமும் ஆங்கிலத்தில் இருக்கிறது; ஆகவே முதன்முறை போகிறவர்களும் துணிந்து வண்டியை எடுக்கிறார்கள். பிள்ளைகள் பெர்த்திலோ மெல்பர்னிலோ குடியேறிவிட்ட பெற்றோர் சிலர், அவர்களோடு பங்கு சேர்ந்து பழைய மோட்டார்ஹோம் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிடலாமா என்றும் யோசிக்கிறார்கள். இவர்களில் பலர் கைப்பேசியில் வண்டியின் தரைப்படத்தைக் காட்டி, “இதில் ஆறு பேர் படுக்கலாமாம், எடுக்கலாமா?” என்று என்னிடம் கேட்கிறார்கள். மழை பெய்தால் ஒழுகுமா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் ஒரு காலத்தில் கேட்கவில்லை. அதனால் எங்கள் குடும்பம் பட்ட பாட்டையும், அதன்பின் நான் கற்றுக்கொண்டதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வண்டிக்குள் கட்டில் எங்கே, குளியலறை எங்கே, சன்னல்கள் எத்தனை என்று நாம் தேர்ந்தெடுக்கும்போதே, தண்ணீர் எந்த வழியாக உள்ளே வரும், வந்தால் அது நம் கண்ணில் படுமா படாதா என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுத்துவிடுகிறோம். உள்ளமைப்பை முதலில் முடிவு செய்துவிட்டு, கசிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது பெரும் தவறு.

செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் தொழிலில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சரக்கு அறைகளின் மூடிகள் கடல்நீரைத் தடுக்கின்றனவா என்று தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சிப் பார்ப்பதும், தொட்டிகளுக்குள் காற்றை ஏற்றி, பற்றவைத்த இடங்களில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் என் அன்றாட வேலையாக இருந்தன. அப்படிப்பட்டவனே ஏமாந்தேன் என்றால், இத்தொழிலோடு தொடர்பே இல்லாதவர்களை நினைத்து எனக்குக் கவலையாக இருக்கிறது.

2017 பிப்ரவரியில் பெர்த்தில் இருக்கும் என் மகள், மருமகனோடு சேர்ந்து, பன்னிரண்டு ஆண்டு பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினோம். ஆறு பேர் படுக்கக்கூடியது. பின்புறம் முழுவதும் ‘ப’ வடிவத்தில் இருக்கை, மூன்று பக்கமும் பெரிய சன்னல்கள், கூரையில் இரண்டு திறப்புகள், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே நம் ஊர் வீட்டுப் பரண்போல முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு கட்டில். என் மனைவி உள்ளே போய் அந்த ‘ப’ இருக்கையில் அமர்ந்தவுடனே, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடலாம் என்று மகிழ்ந்துபோனார். அப்போது ஆறு வயதாக இருந்த என் பேத்தி பரணில் ஏறியவள் இறங்க மாட்டேன் என்றாள். விலையும் கட்டுப்படியாக இருந்தது. நான் எஞ்சினைப் பார்த்தேன், சக்கரங்களைப் பார்த்தேன், அடிச்சட்டத்தில் துரு இருக்கிறதா என்று படுத்துப் பார்த்தேன். சுவரைத் தொட்டுப் பார்க்கவில்லை.

பெர்த்தின் கோடை எப்படிப்பட்டது என்பதையும் நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை மிக அரிது. ஆண்டின் மழையில் பெரும்பகுதி மே மாதத்திலிருந்து செப்டம்பருக்குள் பெய்துவிடும். நம் சிங்கப்பூரைப்போல எந்த மாதத்திலும் மழை கொட்டும் ஊரில் ஒழுகுகிற வண்டியை யாரும் மறைத்து விற்க முடியாது. பல வாரங்கள் மழை காணாத ஊரில், உள்ளே இற்றுப்போன சுவரும் வெளியே காய்ந்து, வாடையும் அடங்கி, நல்ல சுவர்போலவே தெரியும். கோடையில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். நம் விடுமுறையோ சரியாக அந்தக் கோடையில்தான் வருகிறது.

அந்த ஆண்டு ஜூலையில் பெம்பர்ட்டன் பக்கம் வானளாவிய காரி மரங்களைப் பார்க்கப் போனோம். இரவு முழுவதும் காற்றோடு மழை. விடியற்காலை மூன்று மணி இருக்கும். பரணிலிருந்து பேத்தி, “தாத்தா, தலையணை ஈரமா இருக்கு” என்றாள். அவளை இறக்கிப் பாட்டியிடம் படுக்க வைத்துவிட்டு, கைவிளக்கை எடுத்துக்கொண்டு ஏறினேன். மெத்தையின் மூலை ஊறியிருந்தது. சுவரும் கூரையும் சேரும் மூலையில் கட்டைவிரலால் அழுத்தினேன். நனைந்த அப்பளத்தை அழுத்தியதுபோல் விரல் உள்ளே போயிற்று. எடுத்தபின்னும் குழி அப்படியே இருந்தது. மேலே ஒட்டியிருந்த பூப்போட்ட தாள்தான் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் பலகை என்று ஒன்று இல்லை.

பெர்த் திரும்பியதும் நானும் மருமகனும் அந்தப் பகுதியைப் பிரித்தோம். வெளியே மூலையை மூடியிருந்த அலுமினியப் பட்டையின் திருகாணிகள் பாதி தலையோடு வந்தன, பாதி தலையே இல்லாமல் வந்தன. உள்ளே சட்டமாக இருந்த பைன் மரக்கட்டை கையோடு நாராக வந்தது. நீர் எங்கேயிருந்து வந்தது என்று தேடினால், நனைந்த மூலைக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் பின்னால், பக்கவாட்டில் மழைமறைப்புத் துணியைப் பொருத்தியிருந்த உலோகப் பட்டையின் ஒரு திருகாணித் துளை. அங்கே நுழைந்த நீர் சட்டத்தின் மேலேயே ஊர்ந்து, வண்டியை முன்பக்கம் தாழ நிறுத்தும்போதெல்லாம் முன்னால் வந்து, பரணின் மூலையில் தேங்கியிருக்கிறது. பிரித்துக் கட்டிய செலவு, நாங்கள் வண்டிக்குக் கொடுத்த விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. விற்றவரோ, தாம் அதில் ஒருநாளும் ஈரத்தைக் கண்டதில்லை என்று சொல்லிவிட்டார். எங்களிடம் எழுத்துப்பூர்வமான உறுதி எதுவும் இல்லை.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கசிவு என்றவுடன் நமக்கெல்லாம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும் கறைதான் நினைவுக்கு வருகிறது. அது கான்கிரீட். கறை படியும், சுண்ணம் உரியும், பழுதுபார்த்தால் உலர்ந்துவிடும். மோட்டார்ஹோமின் சுவரோ பெரும்பாலும் மூன்றடுக்கு: வெளியே மெல்லிய அலுமினியத் தகடோ கண்ணாடியிழைத் தகடோ, நடுவில் மரச்சட்டமும் வெப்பத்தைத் தடுக்கும் நுரைப்பலகையும், உள்ளே 3 மில்லிமீட்டர் அளவே உள்ள ஒட்டுப்பலகை. இந்த அடுக்குக்குள் ஒருமுறை புகுந்த நீருக்கு வெளியேற வழியில்லை. வெயிலில் சூடாகி உள்ளேயே வேகும், மரம் உளுக்கும், பசை விடும், சுவரும் தரையும் அடுக்கடுக்காகப் பிரியும். தரையில் நடக்கும்போது ஓரிடத்தில் கால் அமுங்கினால், அது பெரும்பாலும் பிரிந்துபோன தரைதான்.

வீடு ஓரிடத்தில் நிற்கிறது, வண்டி ஓடுகிறது. ஓடும்போது சட்டம் முறுக்கிக்கொள்கிறது, மூட்டுகள் நாளெல்லாம் அசைகின்றன. நிற்கும்போது மேலிருந்து விழுகிற மழை, மணிக்கு 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன்புறத்தில் குழாயிலிருந்து பீய்ச்சுவதுபோல் அடிக்கிறது. சக்கரங்கள் வாரியிறைக்கும் நீர் அடிப்புறத் தரைக்குள் ஏறுகிறது. மூட்டுகளுக்கு நடுவே வைத்திருக்கும் பிசின் வெயிலில் நாளடைவில் எண்ணெய்ப் பசை போய்க் காய்ந்து வெடிக்கிறது. ஆகவே பன்னிரண்டு ஆண்டுப் பழைய வண்டியில் ஒருமுறைகூட மூட்டுகளைத் திறந்து புதிதாக அடைக்கவில்லை என்றால், அது ஒழுகாமல் இருப்பதுதான் வியப்பு.

இந்த அறிவோடு தரைப்படத்தை மறுபடி பாருங்கள். சன்னல், கூரைத் திறப்பு, வெளியிலிருந்து திறக்கும் சாமான் பெட்டிக் கதவு, குளிர்பதனப் பெட்டியின் காற்றுவழி, கழிவறைத் தொட்டியை இழுத்தெடுக்கும் சிறு கதவு, பின்விளக்கு என ஒவ்வொன்றும் சுவரில் வெட்டிய ஓர் ஓட்டை. ஒவ்வோர் ஓட்டையைச் சுற்றியும் ஒரு ரப்பரோ பிசினோ இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் உண்டு. பரண் கட்டில் உள்ள வண்டியில் மழையும் காற்றும் நேராக வந்து மோதும் இடத்திலேயே தகடுகள் பல திசைகளில் சேர்கின்றன. அந்த மூட்டுகள்தான் முதலில் விடுகின்றன என்பது இத்தொழிலில் உள்ளவர்கள் எல்லாரும் சொல்வது. பரணின் அடிப்பலகையைக் கீழிருந்து தட்டிப் பார்க்காமல் அத்தகைய வண்டியை யாரும் வாங்கக் கூடாது. பொத்தானை அழுத்தினால் அறையே வெளியே நீளும் வண்டிகள் சிலருக்குப் பெரிய ஈர்ப்பு. அங்கே ரப்பர் விளிம்பு நான்கு பக்கமும் ஒவ்வொரு முறையும் தேய்ந்துகொண்டு போய்வருகிறது. பழைய வண்டியில் அதை நான் தொடவே மாட்டேன்.

மூடிய இரும்பு வேனை மோட்டார்ஹோமாக மாற்றிக் கட்டிய வகையில் கூரையும் சுவரும் தொழிற்சாலையிலேயே ஒன்றாக வந்தவை, மூட்டுகள் குறைவு. ஆனால் சன்னலுக்காகத் தகட்டை வெட்டிய விளிம்புக்குச் சரியாகச் சாயம் பூசாமல் விட்டிருந்தால் அங்கேயே துருப்பிடித்துக் கசியும். முழு உடலையும் ஒரே கண்ணாடியிழை அச்சில் வார்த்த வண்டிகள் கசிவைப் பொறுத்தவரை நல்லவை, விலைதான் கூடுதல்.

கசிவு எங்கே வரும் என்பதைவிட, வந்தால் எப்போது தெரியும் என்பது எனக்கு முக்கியமான கேள்வி. பின்புறம் குறுக்காக நிலைக்கட்டில் போட்டு அதன்கீழ் சாமான் அறை வைத்திருக்கும் அமைப்பில், பின்மூலைகள் இரண்டும் மெத்தைக்கும் பெட்டிகளுக்கும் பின்னால் மறைந்துவிடும். மடிப்பு நாற்காலியும் குழந்தை மிதிவண்டியும் அடுக்கியபின் அந்த மூலையை யாரும் ஓராண்டுக்குப் பார்க்கப்போவதில்லை. பின்சுவர் முழுவதையும் குளியலறையாக்கிய அமைப்பில், உள்ளே தெளிக்கும் நீரும் வெளியே பெய்யும் நீரும் ஒரே மூலையில் சந்திக்கின்றன. குளிக்கும் தட்டில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும், மழை ஒழுக்கு என்று நினைத்துக் கூரையைத் தேடிக்கொண்டிருப்போம். மாறாக, பின்புறம் இருபக்கமும் இரண்டு ஒற்றைக் கட்டில்கள் போட்டு, அடிப்பலகையைத் தூக்கினால் மூலை வெறும் சுவராகத் தெரியும் அமைப்பில், ஒரு நிமிடத்தில் கை விட்டுப் பார்த்துவிடலாம். தரைப்படத்தில் இரண்டும் ஒரே அளவு இடம்தான். வேறுபாடு மழைக்குப் பிறகுதான் தெரியும்.

நம் குடும்பங்களுக்கே உரிய தேவைகளையும் இங்கே சொல்ல வேண்டும். மூன்று தலைமுறையும் சேர்ந்து போகிறவர்கள் நாம். ‘ப’ வடிவ இருக்கை பகலில் அழகு. இரவில் அதையே கட்டிலாக்க வேண்டும். அப்படியென்றால், முதியவர்களுக்கு எட்டு மணிக்குத் தூக்கம் வந்தாலும் இளையவர்கள் எழுந்தால்தான் கட்டில் விரியும். காலையில் கடைசியாக எழுகிறவர் எழுந்தால்தான் காப்பி குடிக்க இடம் கிடைக்கும். எங்கள் வீட்டில் இரண்டாம் நாளே இது மனத்தாங்கலாயிற்று. குறுக்குக் கட்டிலில் உள்பக்கம் படுப்பவர் இரவில் கழிவறைக்குப் போக வேண்டுமானால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். முழங்கால் வலியுள்ள பெற்றோரைப் பரணுக்கு ஏற்றுவது முடியாத காரியம். குழந்தைகளை ஏற்றினால் விழாமல் தடுக்கும் வலை கட்டாயம் இருக்க வேண்டும். தாளிக்கிற அடுப்புக்கு நேரெதிரே மெத்தை இருந்தால் கடுகும் கறிவேப்பிலையும் பயணம் முழுவதும் போர்வையில் மணக்கும். கதவை ஒட்டி அடுப்பு உள்ள அமைப்பே நம் சமையலுக்கு ஏற்றது.

எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனை பேர் படுக்கலாம் என்ற எண்ணும், எத்தனை பேர் இருக்கைவார் அணிந்து அமர்ந்து பயணம் செய்யலாம் என்ற எண்ணும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆறு பேர் படுக்கக்கூடிய வண்டியில் இருக்கைவார் நான்கே இருக்கலாம். பக்கவாட்டில் பார்த்து அமரும் ‘ப’ இருக்கையில் வார் இருந்தாலும் குழந்தை இருக்கையைப் பொருத்தக் கூடாது. முன்பதிவு செய்யும் முன் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நியூசிலாந்தில் பூங்கா ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் இலவசமாகத் தங்க நினைப்பவர்கள், 2023-ல் இயற்றப்பட்ட சட்டம் தன்னிறைவு வண்டிக்கு (தன் நீரையும் கழிவையும் தானே சுமக்கும் வண்டிக்கு) நிலையாகப் பொருத்திய கழிவறையைக் கட்டாயமாக்கியிருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எடுத்து வைக்கிற கழிவறை இனிப் போதாது. ஆகவே தரைப்படத்தில் கழிவறைக்கு இடம் இருக்கிறதா என்பது வசதிக்கான கேள்வியாக மட்டும் இல்லை.

இனி, வாங்கப் போகும் வண்டியைச் சோதிக்கும் முறை. கதவைத் திறந்தவுடன் முதல் மூச்சில் தெரியும் வாடைதான் உண்மையான சாட்சி. இரண்டு நிமிடம் நின்றால் மூக்கு பழகிவிடும். ஈரச் சாக்குப்போல் பூசண வாடை இருந்தால் நின்று யோசியுங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக மணந்தாலும் யோசியுங்கள். பிறகு மேல் அலமாரிகள் அனைத்தையும் திறந்து உள்மூலைகளைக் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சுவரில் அலைபோல் நெளிவு, சிறு கொப்புளங்கள், காப்பி கொட்டியதுபோல் பழுப்புக் கோடு, ஆணித் தலைகளில் துரு ஆகியவை நீர் வந்து போனதன் அடையாளங்கள். கோடைகூட இவற்றை அழிக்காது. மெத்தைகளைத் தூக்குங்கள், இருக்கை மூடிகளைத் திறவுங்கள், ஒவ்வொரு சன்னலின் கீழ்மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மரத்தில் இரண்டு ஊசிகளைப் பதித்து ஈரத்தை விழுக்காட்டில் காட்டும் ஈரமானி ஒன்று கையில் இருப்பது நல்லது. பொதுவாக 15 விழுக்காடு வரை கவலையில்லை. 15-க்கும் 20-க்கும் இடையில் என்றால் கண்காணிக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் எங்கோ நீர் நுழைகிறது. 30-ஐத் தாண்டினால் சட்டமே கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஓரிடத்து எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சுவரின் நடுவில் 10 காட்டி மூலையில் 19 காட்டினால், அந்த வேறுபாடுதான் செய்தி. மழை பெய்து இரண்டு மூன்று நாளுக்குள் பார்ப்பது மிகச் சிறந்தது. அது முடியாத பருவத்தில், பணம் கொடுக்கும் முன் தண்ணீர்க் குழாயால் சோதிக்க அனுமதி கேளுங்கள். குழாயைக் கீழிருந்து மேலாகக் கொண்டுபோக வேண்டும். முதலில் அடிவிளிம்பு, பத்து நிமிடம்; பிறகு சன்னல்; கடைசியாகக் கூரை. மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒருசேர நனைந்து, எந்த மூட்டு விட்டது என்றே தெரியாது. கப்பல் மூடிகளில் நாங்கள் செய்த சுண்ணக்கட்டிச் சோதனை இங்கேயும் உதவும்: சாமான் பெட்டிக் கதவு வந்து அழுந்தும் விளிம்பில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, கதவை மூடித் திறந்தால், ரப்பரில் வெள்ளைக் கோடு அறுபட்ட இடத்தில்தான் நீர் போகும். வண்டிக்குள் காற்றை ஏற்றி, வெளியே சோப்பு நீர் தெளித்துக் குமிழி பார்க்கும் பணிமனைகளும் உண்டு. விலை உயர்ந்த வண்டி என்றால் அந்தச் செலவு வீணாகாது.

மூட்டுகளின் மேல் பளபளவென்று புதிய சிலிகான் வரியோடியிருந்தால், கவனித்துப் பராமரித்திருக்கிறார்கள் என்று மகிழ வேண்டாம். பெரும்பாலும் அது ஒழுக்கை வெளியே பூசி மறைத்ததன் அடையாளம். எங்கள் வண்டியிலும் அப்படித்தான் இருந்தது. சிலிகானின் மேல் வேறு எந்தப் பிசினும் ஒட்டாது. காயும்போது வினிகர் வாடை வீசும் சாதாரணச் சிலிகான் அலுமினியத்தையே அரிக்கக்கூடும். முறையான பழுது என்றால் பட்டையைக் கழற்றி, பழைய பிசினைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, இறுகாத பியூட்டைல் நாடாவைப் புதிதாக வைத்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளால் இறுக்கி, விளிம்பில் பாலியூரித்தேன் பிசின் இட வேண்டும். ஒரு பக்கத்து மூலைப் பட்டைக்கு எங்கள் இருவருக்கும் ஒரு முழுநாள் பிடித்தது. ஆண்டுக்கு ஒருமுறை கூரையில் ஏணி சாத்தி எல்லா மூட்டுகளையும் பார்ப்பதையும், வண்டியை நிறுத்தி வைக்கும்போது சற்றுச் சாய்வாக, கூரையில் நீர் தேங்காதபடி நிறுத்துவதையும் அன்றுமுதல் வழக்கமாக்கிக்கொண்டோம்.

வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இத்தனையும் தேவையில்லை. ஆனால் நிறுவனம் வண்டியை நம்மிடம் ஒப்படைக்கும்போது வெளியே உள்ள கீறல்களை மட்டும் படம் எடுத்துக்கொண்டு கையெழுத்திடுவது நம் வழக்கம். உள்ளே மெத்தைகளைத் தூக்கி, மேல் மூலைகளையும் கூரைத் திறப்புகளின் விளிம்பையும் படம் எடுங்கள். கறை இருந்தால் அதைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். நியூசிலாந்தின் தென்தீவில் வானாக்காவிலிருந்து ஹாஸ்ட் கணவாய் வழியாக மேற்குக் கரைக்கு இறங்குகிறவர்களுக்கும், மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் போகிறவர்களுக்கும் மழை கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை என்றால், மில்ஃபோர்ட் சவுண்டில் 6,000-க்கும் மேல். ஒழுகும் வண்டியோடு அங்கே இரண்டு இரவு தங்க நேர்ந்தால் பிள்ளைகளின் உடுப்பு முதல் பால்மாவு வரை எல்லாம் நனைந்துவிடும்.

அதே நேரத்தில், காலையில் கண்ணாடியில் வழியும் நீரெல்லாம் கசிவு அல்ல. ஐந்து பேர் கதவடைத்துத் தூங்கினால், அவர்களின் மூச்சும் வியர்வையும் குளிர்ந்த சன்னலிலும் கூரையிலும் நீராகப் படியும். சமைக்கும் எரிவாயுவே நீரை உண்டாக்குகிறது: ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கும் மேல் நீராவி வெளிவரும்; சோற்றுப் பானையின் ஆவி தனி. சமைக்கும்போது கூரைத் திறப்பைச் சற்றே திறந்து வையுங்கள். மெத்தையைக் காலையில் நிமிர்த்தி வையுங்கள். ஈரத் துணியை உள்ளே உலர்த்தாதீர்கள். படியும் நீர் பரவலாக இருக்கும், வெயில் வந்தால் போய்விடும். கசிவு ஒரே இடத்தில் இருக்கும், வெயிலுக்குப் பிறகும் அங்கேயே இருக்கும். குளிர்கிறது என்று தரையிலும் கதவிலும் உள்ள நிலையான காற்றுத்துளைகளைத் துணியால் அடைப்பதை நான் ஒருமுறை பார்த்துப் பதறியிருக்கிறேன். எரிவாயு கசிந்தாலும் நச்சுக் காற்று சேர்ந்தாலும் வெளியேற வைத்த வழிகள் அவை. எந்தக் குளிரிலும் அவற்றை அடைக்கக் கூடாது.

எங்கள் பழைய வண்டியைப் பழுதுபார்த்து, நடந்த எல்லாவற்றையும் படங்களோடு சொல்லி, குறைந்த விலைக்கு 2019-ல் விற்றோம். அடுத்து வாங்கியது நான்கு பேருக்கானது: பின்புறம் இரண்டு ஒற்றைக் கட்டில், நடுவில் குளியலறை, முன்புறம் சுழலும் இருக்கைகளும் அவற்றுக்கு மேலே கூரையோடு ஒட்டியிருந்து இரவில் மட்டும் கீழிறங்கும் ஒரு கட்டிலும். பரண் இல்லை. கூரைத் திறப்பு பெரியது ஒன்றுதான். என் மனைவிக்கு ‘ப’ இருக்கை போனதில் வருத்தம் இருந்தது உண்மை, இன்றும் இருக்கிறது. ஆகஸ்ட் மழையில் இரண்டு நாள் நின்ற வண்டியைப் பார்த்துத்தான் பணம் கொடுத்தோம். குடும்பத்தோடு உள்ளே போய் ஒரு மணி நேரம் இருந்தோம். கட்டிலை இறக்கினோம், ஏற்றினோம், தேநீர் போட்டோம், ஒருவர் சமைக்க மற்றவர் கழிவறைக்குப் போய்வர இடம் இருக்கிறதா என்று நடந்து பார்த்தோம். பேத்தி ஒரு கட்டிலில் படுத்து, கால் நீட்ட முடிகிறது என்று சொன்னாள்.

இங்கே பயணச் சந்தைகளில் மோட்டார்ஹோம் விடுமுறைகளை விற்கும் முகவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பகல் தரைப்படத்தோடு இரவுத் தரைப்படத்தையும், இருக்கைவார்களின் எண்ணிக்கையையும், வண்டி எந்த ஆண்டுத் தயாரிப்பு என்பதையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். வாங்குகிறவர்கள் கேட்காமலே கிடைக்க வேண்டிய விவரங்கள் இவை. நடுவழியில் ஒழுகினால் மாற்று வண்டி எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

நான் வாங்கிய ஈரமானி ஈசூனில் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. எங்கள் புளோக்கில் இரண்டு குடும்பங்கள் பெர்த்துக்குப் பழைய வண்டி பார்க்கப் போனபோது எடுத்துச் சென்று திருப்பித் தந்திருக்கின்றன. அதில் ஒரு குடும்பம் பின்மூலையில் 27 காட்டிய வண்டியை வேண்டாம் என்று விட்டுவந்தது. இந்த விடுமுறையில் தேவைப்படுகிறவர்கள் ஆசிரியராகிய தங்கள் அலுவலகத்தின் வழியாகக் கேட்டால் கொடுத்து உதவ ஆயத்தமாக இருக்கிறேன். புதிய மின்கலம் மட்டும் போட்டுக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் பழுதுபார்ப்பாளர்,
ஈசூன், சிங்கப்பூர்.